மூன்றரை மணிப் பாடம்

போர்ட் வாலன்
18 ஜூன் 1982, வெள்ளி

லோயிஸ்,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். நாம் பிரிந்த இரண்டு வருடத்தில் உன்னிடமிருந்து வந்தது ஒரே ஒரு கடிதம், தையல் இயந்திரத்தைப் பஸ்ஸில் போட்டு அனுப்பச் சொல்லி. அனுப்பினேன். வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி இல்லை. தொலைபேசியில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் என் குரலைக் கேட்டதும் நீ விடும் பெருமூச்சை நான் கேட்க விரும்பவில்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான். மிஸஸ் ஸ்லீக்கு நீ ஏதாவது எழுதினாயா?

அவள் மகன் பெவனுக்கு ஆறு வயது. பிப்ரவரியிலிருந்து வியாழக்கிழமை நான்கு மணிக்கு என்னிடம் பியானோ படிக்க வருகிறான். முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. அந்தச் சந்தில் நாக்கை நீட்டிக்கொண்டு 'ஒண்ணு, ரெண்டு' என்று சத்தமாக எண்ணுவான், கட்டையெல்லாம் எச்சில். பாடம் முடிந்ததும் துணியால் துடைக்கிறேன். ஆனால் போன மாதம் முதன்முறையாக இரண்டு கையும் சேர்ந்து வந்தபோது பாதியில் நிறுத்திவிட்டுத் தன் கைகளையே பார்த்தான். "மிஸ்டர் டி, யாரு அதப் பண்ணது?" என்றான். அன்று முழுவதும் எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

நேற்று நான்கு மணிக்குக் கதவைத் திறந்தேன். நடையில், குழந்தைகள் காத்திருக்கும் சின்ன நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை.

"உள்ள வா, பெவன்."

"அவ இன்னும் முடிக்கல."

"யாரு?"

"உள்ள வாசிக்கிற பொண்ணு. ஒரே இடத்துல தப்பு விடறா, திருப்பி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கிறா. அவ முடிக்கட்டும், நான் இருக்கேன்."

வியாழன் மூன்றரை மணியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் நான் அந்த அறையில்தான் இருந்தேன், தனியாக, தேநீரும் செய்தித்தாளுமாக. ஒரு சத்தமும் இல்லை. பையன் விளையாடுகிறான் என்று நினைத்து வெளியே போய் அவன் அம்மாவிடம் சொன்னேன். காரில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தவள் கண்ணாடியை இறக்கினாள்.

"மூணு வாரமா எனக்கும் கேக்குது, மிஸ்டர் ட்ரெங்கோவ். யார் வீட்டுப் பொண்ணு அது? கொஞ்சம் எறங்க விடுங்களேன், பாவம்."

இது தற்செயலாக இருக்க முடியாது. ரோவீனா கிட்டோவின் கதை தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்தான். ஒன்று நான். இன்னொன்று ரோவீனா. மூன்றாவது நீ. ஆகஸ்ட் 14-ஆம் தேதி மெக்கானிக்ஸ் ஹாலில் குழந்தைகளின் கச்சேரி. நிகழ்ச்சி நிரலில் என் பெயரைக் காலால் தட்டி ஆடும் டாப் டான்ஸ் வகுப்புக்குக் கீழே போட்டிருக்கிறார்கள், அது போதாதென்று இதுவுமா?

லயனல்


ஆன்ஸ்லி பே
25 ஜூன் 1982

லயனல்,

தையல் இயந்திரம் வந்தது. ஊசி உடைந்திருந்தது. எழுதினால் 'நான் உடைக்கவில்லை' என்று நான்கு பக்கம் வருமே என்று எழுதவில்லை.

மிஸஸ் ஸ்லீ யாரென்றே எனக்குத் தெரியாது. ரோவீனாவைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அவள் அம்மாவிடம்கூட. அவளிடம் அன்று சொன்ன பொய்யை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன், உனக்காகத்தான், அதையும் நீ ஒருபோதும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிரிக்காமல் இதைப் படி.

நான் இந்த ஊருக்கு வந்தது இங்கே பள்ளியில் இசை ஆசிரியை வேலை காலியாக இருந்ததால் என்று எல்லோரிடமும் சொன்னேன். கிட்டோ குடும்பம் இங்கே குடிவந்திருந்தது என்பதால்தான் விண்ணப்பித்தேன். நீ அப்போதே ஊகித்திருப்பாய். ரோவீனாவுக்கு இப்போது பத்து வயது. நெட்டையாகிவிட்டாள், வலைப்பந்து ஆடுகிறாள், நிறையச் சிரிக்கிறாள். பியானோ இருக்கும் அறைக்குள் மட்டும் வர மாட்டாள். வியாழக்கிழமைகளில் அவள் அம்மாவுக்கு மருத்துவமனையில் ஏழு மணி வரை வேலை. அதுவரை அவள் என்னோடு பள்ளி நூலகத்தில் இருப்பாள். வீட்டுப்பாடம் எழுதுவாள், நான் கொண்டுவந்த பிஸ்கட்டைச் சாப்பிடுவாள், என் காலணியைக் கேலி செய்வாள்.

மே மாதக் கடைசியிலிருந்து மூன்றரை மணியானால் அவள் பேச்சு பாதியில் நிற்கிறது. பென்சிலைக் கீழே வைக்கிறாள். மேஜைமேல் விரல்கள் ஓடத் தொடங்குகின்றன. முதலில் வலது கை, பிறகு இரண்டும். கண் திறந்துதான் இருக்கும். கூப்பிட்டால் கேட்காது. தோளைத் தொட்டால் தெரியாது. முதல் வாரம் நான்கு மணிக்கு நின்றது. உடம்பை ஒருமுறை உதறிவிட்டு, "என்ன மிஸ், பிஸ்கட் எல்லாத்தையும் நீங்களே முடிச்சிட்டீங்களா?" என்றாள். எதுவும் நினைவில்லை. மருத்துவர் வளர்கிற வயது என்கிறார். அம்மா சோர்வு என்கிறாள்.

என்ன வாசிக்கிறாள் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. நீ அவளுக்குக் கொடுத்த படகுப் பாட்டு. இசைத்தாளின் பதினோராவது கட்டத்தில் இடது சுண்டுவிரல் கீழே எட்ட வேண்டிய இடத்தில் தவறுகிறது. இரண்டு கையும் மடிக்கு வருகின்றன. பிறகு முதலிலிருந்து.

அந்தப் பையனிடம் எந்த இடத்தில் தப்பு வருகிறது என்று கேள். எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று நேரத்தைக் குறித்து எழுது.

லோயிஸ்


போர்ட் வாலன்
2 ஜூலை 1982

லோயிஸ்,

நீ எப்போதும் எதையாவது நம்பத் தயாராக இருப்பவள். தேவாலயப் பெண்கள் சொன்னதை நம்பினாய், அந்தப் பல் டாக்டரை நம்பினாய். ஆகவே சிரித்துக்கொண்டேதான் உன் கடிதத்தைப் படித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மூன்று இருபத்தைந்துக்கு அறையைவிட்டு வெளியே வந்து, கதவைச் சாத்தி, அந்தக் குழந்தைகள் நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் மார்பில் இடிக்கிறது. ஐம்பத்திரண்டு வயது மனிதன் தன் வீட்டு நடையிலேயே இப்படி உட்கார்ந்திருப்பதை யாராவது பார்த்திருந்தால் அதுவே போதும், கச்சேரியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மூன்றரை மணிக்குத் தொடங்கியது.

என்ன கேட்டது என்று விவரிக்கப் போவதில்லை. பதினோராவது கட்டம். அங்கே நின்றது. மடியில் கை வைக்கும் அளவுக்கு ஒரு இடைவெளி. மறுபடி முதலிலிருந்து. நல்ல தொடுகை, லோயிஸ். ஏழு வயதுக் கைக்கு அப்படி ஒரு தொடுகை வாய்ப்பதில்லை. கதவைத் திறந்தேன். நின்றுவிட்டது. யாரும் இல்லை. ஆனால் நான் எனக்காக இறக்கி வைத்திருந்த திருகு ஸ்டூல் மேலே ஏற்றப்பட்டிருந்தது, கடைசி மரை வரை. இறக்கினேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஸ்டூல் கிரீச்சிடும் சத்தம், பிறகு பாட்டு.

நான்கு மணிக்குப் பெவன் வந்தான். என்னை அந்த நாற்காலியில் பார்த்து, "அது என்னோட நாற்காலி," என்றான். பிறகு பெருந்தன்மையாகச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். இருவருமாகக் கேட்டோம். "கொஞ்சம் இம்ப்ரூவ் ஆகியிருக்கா," என்றான். நான்கு ஐம்பதுக்கு நின்றது. போன வாரம் நான்கு பதினைந்துக்கே நின்றது என்கிறாள் அவன் அம்மா.

இதையெல்லாம் வைத்து நீ என்ன சொல்ல வருவாய் என்று தெரியும், அதனால் முன்பே சொல்கிறேன். பொத்தான் முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. பாதி நாட்டில் ஆசிரியர்கள் அதைச் செய்கிறார்கள். இசைத்தாள் வைக்கும் தட்டின் இடப்பக்கம் மூன்று பொத்தான்கள். தவறில்லாமல் ஒரு முறை வாசித்தால் ஒன்று வலப்பக்கம் போகும். ஒரு தவறு விட்டால் எல்லாம் திரும்ப இடப்பக்கம். மூன்றும் வலப்பக்கம் சேர்ந்ததும் இறங்கலாம். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. அன்று கதவு பூட்டியிருக்கவில்லை. அவளைக் கட்டி வைக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போயிருக்கலாம். மூன்று வருடமாக இதையேதான் சொல்கிறேன்.

உன் பக்கத்து நேரத்தை எழுது. வெறும் ஆர்வம்தான்.

லயனல்


ஆன்ஸ்லி பே
9 ஜூலை 1982

லயனல்,

ஜூலை 1: மூன்றரை முதல் நான்கு ஐம்பது வரை. நேற்று: மூன்றரை முதல் ஐந்தரை வரை. உன் குறிப்போடு ஒப்பிட்டுக்கொள். நேற்று உன் பக்கமும் ஐந்தரைக்குத்தானா நின்றது என்று எழுதிக் கேட்கவே தேவையில்லை.

எழுந்து போயிருக்கலாம் என்கிறாய். அவளுக்கு ஏழு வயது, லயனல். மூன்று பொத்தானும் அந்தப் பக்கம் போகும்வரை இறங்கக் கூடாது என்று நீ சொன்னாய். உன்னிடம் படித்த எந்தக் குழந்தை உன் சொல்லை மீறியிருக்கிறது? அதை நீயே பெருமையாகச் சொல்லிக்கொள்வாயே.

அன்று நடந்ததை நாம் ஒருமுறைகூட முழுதாகப் பேசியதில்லை. கத்தினோம், அவ்வளவுதான். இப்போது எழுதுகிறேன்.

1979 ஜூன் 14. ஐந்து மணிக்கு நான் அவளைக் காரில் வீட்டில் விடுவதாக ஏற்பாடு. பல் பிடுங்கியதில் ரத்தம் நிற்காமல் நான் அடுத்த ஊரில் மாட்டிக்கொண்டேன். நீ வீட்டில்தானே இருக்கிறாய் என்று கவலைப்படவில்லை. ஏழு மணிக்கு வந்தேன். வீடு முழுக்க இருட்டு. பியானோ கேட்டது. நீ வாசிக்கிறாய் என்று நினைத்து, இருட்டில் என்ன வாசிப்பு என்று திட்டிக்கொண்டே விளக்கைப் போட்டேன். ஸ்டூலில் அவள். பாவாடை நனைந்து, காலுறை நனைந்து, கீழே கம்பளமும் நனைந்திருந்தது. முகத்தில் அழுகைகூட இல்லை. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது, "மிஸ், நான் இறங்கலாமா?" அப்போதும் கை நிற்கவில்லை.

நீ அரை மணி கழித்து வந்தாய். துறைமுகப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன், மறந்துவிட்டேன் என்றாய். காலைத் தபாலில் உனக்கு அந்த இசைத் தேர்வாளர் பதவி இல்லை என்று கடிதம் வந்திருந்தது. நான் அதையே காரணமாக வைத்துக்கொண்டேன். அவளைக் குளிப்பாட்டி, என் சட்டையைப் போட்டுவிட்டு, அவள் அம்மாவிடம் நாங்கள் இருவரும் கூடவே இருந்து கச்சேரிக்குப் பயிற்சி கொடுத்தோம், ஜூஸைக் கொட்டிக்கொண்டாள் என்றேன். ரோவீனா என்னை மறுத்துப் பேசவில்லை. அதுதான் இன்றும் என் தொண்டையில் நிற்கிறது.

வாரத்துக்கு வாரம் நேரம் நீள்கிறது. அன்று அவள் உட்கார்ந்திருந்தது ஏழு மணி வரை. அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நேற்று முடிந்து எழுந்தபோது விரல் நுனிகள் வெளுத்திருந்தன. என் பெயர் அவளுக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. ஒரு நிமிடம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரமும் அங்கிருந்து கொஞ்சம் குறைவாகத்தான் திரும்பி வருகிறாள்.

உள்ளே உட்காரச் சொன்னவன் நீதான். இறங்கலாம் என்று நீயே சொல். வெட்கமாக இருந்தால் இருக்கட்டும்.

லோயிஸ்


போர்ட் வாலன்
16 ஜூலை 1982

லோயிஸ்,

நேற்று சொன்னேன்.

நீ பக்கத்தில் இல்லாதது நல்லது. மூன்றரை மணிக்குப் பாட்டு தொடங்கியதும் உள்ளே போனேன். சத்தம் நின்றது, எப்போதும் போல. காலி ஸ்டூல் முன்னால் நின்று தொண்டையைச் செருமினேன். "ரோவீனா, போதும். இறங்கிக்கோ. வீட்டுக்குப் போகலாம்," என்றேன். வெளியே வந்து கதவைச் சாத்திக் காது கொடுத்தேன். பாட்டு இன்னும் வேகமாக ஓடியது.

மறுபடி உள்ளே போனேன். பொத்தான்களை எடுத்து மூன்றையும் வலப்பக்கம் வைத்தேன். "நீ முடிச்சிட்ட. நல்லா வாசிச்ச," என்றேன். வெளியே வந்தேன். இன்னும் வேகம். தாளமே இல்லாமல், யாரோ துரத்த ஓடுவதுபோல. மூன்றாவது முறை உள்ளே போய் ஸ்டூல் பக்கத்தில் மண்டியிட்டு, மன்னித்துக்கொள் என்றேன். அந்தச் சொல்லை இதற்கு முன்னால் நான் யாரிடம் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. கதவைச் சாத்தியதும் கேட்டது பாட்டே அல்ல. பத்து கட்டங்கள் ஒரே மூச்சில், பதினொன்றில் ஓர் அடி, மறுபடி முதல். ஆறு இருபது வரை. பெவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "நீங்க போகாதீங்க மிஸ்டர் டி. நீங்க போனா அவ பயப்படறா," என்றான்.

இனி எழுதப் போவதை எழுதாமல் இருக்க ஒரு வாரமாக என் கோபங்களை எல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஐம்பத்தொன்றில் லண்டன் உதவித்தொகை, தேர்வுக் குழுவில் அப்பன் உட்கார்ந்திருந்த ஒருவனுக்குப் போனது. கன்சர்வேடோரிய இசைக் கல்லூரியில் பறிபோன என் இடம். தேர்வாளர் பதவி. எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் இங்கே உதவவில்லை.

நான் அன்று துறைமுகப் பாலத்துக்குப் போகவில்லை.

பின்பக்கம், துணி துவைக்கும் அறையில் நின்றேன். அதன் ஜன்னல் பியானோ அறைப் பக்கம் திறக்கும் என்று உனக்குத் தெரியும். முதலில் சிகரெட்டுக்காகப் போனேன், கையில் அந்தக் கடிதத்தோடு. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். லோயிஸ், உனக்குக் காது உண்டு, அவளிடம் இருந்தது உனக்கும் தெரிந்திருக்கும். முப்பது வருடத்தில் என்னிடம் வந்த நானூறு குழந்தைகளில் அவள் ஒருத்தியிடம்தான் அது இருந்தது. நான் தொட முடியாத இடத்துக்கு அவள் போவாள் என்று முதல் மாதமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோராவது கட்டத்தில் அவள் தவறினாள். எனக்குள் ஏதோ ஆறியது. அடுத்த முறையும் தவறட்டும் என்று நின்றேன். தவறினாள். இருட்டியது. குளிர்ந்தது. நான் மறக்கவில்லை. மூன்றரை மணி நேரமும் நின்று கேட்டேன். உன் கார் சத்தம் கேட்டதும் வேலிப்பக்கமாகப் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன்.

இதை நீ என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்.

லயனல்


ஆன்ஸ்லி பே
23 ஜூலை 1982

லயனல்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்ததும் அடுப்பில் போட எழுந்தேன், பிறகு போடவில்லை. அதைப் பற்றி இப்போது எதுவும் எழுத மாட்டேன். எழுதினால் மற்றது எழுத முடியாமல் போகும். அதில் இருந்ததை ஒரு உயிரிடமும் சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

நேற்று ஏழுக்குப் பத்து நிமிடம் வரை போனது. நூலகத்தில் நானும் அவளும் மட்டும். ஐந்து மணிவாக்கில் எனக்குப் பொறுக்கவில்லை. வழக்கமாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, பாடம் நடக்கும்போது பேசுவதுபோல், "இன்னும் எவ்வளவு இருக்கு ரோவீனா?" என்றேன்.

பதில் வந்தது. கை நிற்கவில்லை. குரல் அவளுடையதுதான், ஆனால் சின்னதாக.

"தெரியல மிஸ். அவர் இன்னும் நிக்கிறாரு."

"யாரு?"

"மிஸ்டர் ட்ரெங்கோவ். துணி துவைக்கிற ரூம்ல. சிகரெட் வாசனை வருதே, உங்களுக்கு வரலையா?"

"முடிச்சிட்டு இறங்கிடேன்மா," என்றேன்.

"முடிச்சா அவர் உள்ள வந்துடுவாரு."

"அந்த ஒரு இடம் வர மாட்டேங்குதா?"

அப்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், லயனல். பத்து வயது முகத்தில் ஏழு வயதுப் பார்வை. கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது அதில், நான் இவ்வளவு மந்தமா என்பதுபோல.

"வரும் மிஸ். ஈஸி அது. வேணும்னுதான் தப்பா வாசிக்கிறேன். தப்பா வாசிச்சா அவர் வெளியவே நிப்பாரு. அவருக்கு அது பிடிக்கும்."

பிறகு மறுபடி முதலிலிருந்து.

முப்பது வருடம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், நீயும் நானும். தவறு விடுகிற குழந்தைக்கு அந்த இடம் தெரியவில்லை என்றுதான் நினைத்தோம். வேறு எதையும் நினைத்ததே இல்லை.

போன வாரம் நீ மூன்று முறை உள்ளே போயிருக்கிறாய். மண்டியிட்டாய், மன்னிப்புக் கேட்டாய், ஸ்டூல் பக்கத்தில். அவள் எதற்குப் பயந்து அத்தனை மணி நேரம் வாசித்தாளோ, அதையேதான் நீ செய்தாய். நான்தான் உன்னைச் செய்யச் சொன்னேன், அந்தப் பாவம் என்னுடையது.

அடுத்த வியாழன் அது ஏழு மணியைத் தாண்டும். மூன்றரைக்கு நீ அந்த வீட்டில் இருக்கக் கூடாது. பாலத்தில் இல்லை, தெருமுனையில் இல்லை, அந்த ஊரிலேயே இருக்கக் கூடாது. அந்த ஒரு நாள் மட்டுமல்ல. பியானோவை விட்டுவிட்டுப் போ. கச்சேரியை விட்டுவிட்டுப் போ. நீ நல்லவனாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அதற்கெல்லாம் நேரம் இல்லை. நீ அங்கே இல்லாமல் போனால் போதும்.

அவள் அம்மாவிடம் நான் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். என் பொய்யிலிருந்து தொடங்கி.

லோயிஸ்


போர்ட் வாலன், பேக்கரி வாசல்
29 ஜூலை 1982, வியாழன், மதியம் 2.50

லோயிஸ்,

மூன்று மணி பஸ்ஸுக்காகப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். அடிலெய்ட் போகிறேன். அதற்குப் பிறகு எங்கே என்று தெரியாது. எழுதுவதானால் அங்கே தலைமை அஞ்சலகத்தில் வைத்திருக்கும்படி போடு.

குழந்தைகளைத் திங்கள் முதல் நேற்று வரை ஒவ்வொருவராக வரச் சொல்லிக் கடைசிப் பாடம் கொடுத்தேன். பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியை ஒருத்தி அவர்களை எடுத்துக்கொள்கிறாள். தேவாலயப் பாட்டுகளுக்கு மேல் எதுவும் வாசிக்கத் தெரியாதவள், மணிக்கட்டு கல் மாதிரி. குழந்தைகளுக்கு அவளைப் பிடித்திருக்கிறது. கச்சேரியில் என் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரைப் போட்டுவிட்டார்கள், டாப் டான்ஸுக்கு மேலே.

எல்லோரையும்விட எனக்குக் கஷ்டமாக இருந்தது ஐந்து வயது ஹெட்விக். பாட்டு தெரியாவிட்டாலும் மழை வாசிக்கிறேன், நாய் வாசிக்கிறேன் என்று கட்டை முழுக்க ஓடுவாள். நிறுத்தச் சொல்லவே மனம் வராது. ஆறு மாதமாக அதை நான் அவள் அம்மாவிடம் புகாராகத்தான் சொல்லிவந்தேன். நேற்று எனக்காகப் 'பஸ்' வாசித்தாள். நன்றாக இருந்தது.

பெவன் கடைசியாக வந்தான். பாதியில் தப்பு விட்டான், கையை எடுத்து முதலிலிருந்து போகப் பார்த்தான்.

"வேண்டாம். தப்பு விட்ட எடத்துலேர்ந்தே போ," என்றேன்.

"அது ஏமாத்து இல்லியா மிஸ்டர் டி?"

"இல்ல."

"அப்ப இத்தனை நாள் ஏன் சொல்லல?"

துணியை எடுத்துக் கட்டைகளைத் துடைத்தேன். அவன் காத்திருந்தான், பிறகு பெரிய மனதோடு விட்டுவிட்டான். போகும்போது, "அந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான். அவன் அம்மா வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமலே, "நல்லபடியா போயிட்டு வாங்க," என்றாள்.

3.05. பஸ் வரவில்லை. டயர் ஏதோ பஞ்சர் என்று பேக்கரிக்காரர் சொல்கிறார். தேநீர் கொடுத்தார், இருபது வருடத்தில் முதல் முறையாகக் கேட்காமலே.

3.14. தொப்பியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். காற்று அடிக்கிறது. இங்கிருந்து வீட்டுக்கு நான்கு நிமிட நடை. போனால் திரும்பி வந்துவிடலாம்.

3.21. பஸ் இல்லை. தொப்பிக்காக இல்லை, லோயிஸ். உன்னிடம் இனி எதையும் மறைக்க மிச்சமில்லை என்பதால் எழுதுகிறேன். இன்னும் ஒன்பது நிமிடத்தில் தொடங்கிவிடும். இந்த நான்கு வாரமாக வியாழன் வருவதற்காகத்தான் நான் மற்ற நாட்களைக் கழித்தேன். அந்தத் தொடுகையை நான் இனி எங்கேயும் கேட்கப் போவதில்லை. வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றால்கூடப் போதும்.

3.26. எழுந்து நின்றேன். உட்கார்ந்துவிட்டேன். இதை இப்போது தபால் பெட்டியில் போடுகிறேன், கையில் வேறு வேலை இல்லாததால்.

லயனல்


ஆன்ஸ்லி பே
2 ஆகஸ்ட் 1982

லயனல்,

உன் கடிதம் இன்று காலை வந்தது. அதைத் தபாலில் போட்ட பிறகு நீ உட்கார்ந்தே இருந்தாயா, எழுந்து போனாயா என்று நான் கேட்கப் போவதில்லை. பஸ் கம்பெனியில் விசாரித்தேன். மூன்று நாற்பத்தெட்டுக்குத்தான் கிளம்பியதாம். நீ ஏறினாய் என்கிறார்கள். தொப்பி இருந்ததா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை.

மிஸஸ் கிட்டோவும் அன்று நூலகத்தில் இருந்தாள். முந்தைய ஞாயிறு அவளிடம் சொல்லிவிட்டேன். என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். "வியாழக்கிழமை நானும் வரேன்," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேசுவாள் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

மூன்றரைக்குத் தொடங்கியது. முதல் பதினைந்து நிமிடம் நீ எழுதியிருந்தாயே, துரத்த ஓடுவதுபோல் என்று, அப்படி. மிஸஸ் கிட்டோ எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள், பார்க்க முடியாமல். பிறகு, மூன்று ஐம்பதுக்குக் கொஞ்சம் பின்னால், ரோவீனா தலையைத் தூக்கி மோந்து பார்த்தாள். நாய்க்குட்டி பார்க்குமே, அந்த மாதிரி. இரண்டு கையும் மடிக்கு வந்தன. நெடுநேரம் அப்படியே இருந்தாள்.

நின்றுவிட்டது என்று நினைத்தேன். நிற்கவில்லை. மறுபடி கையை மேஜைமேல் வைத்தாள். இந்த முறை மெதுவாக. ஒரு மேஜையிலிருந்து பாட்டு கேட்காது, தெரியும். ஆனால் நான் விரல்களைப் படித்துக்கொண்டு போனேன், ஒவ்வொன்றாக. பத்தாவது கட்டம். பதினொன்று. இடது சுண்டுவிரல் கீழே போய்ச் சரியான இடத்தில், கொஞ்சமும் அவசரப்படாமல் உட்கார்ந்தது. அங்கிருந்து கடைசி வரை போனாள். எனக்கு அந்தப் பின்பாதி மறந்தே போயிருந்தது, லயனல். அவள் அதை ஒருமுறைகூட வாசித்து நாம் கேட்டதில்லை.

முடித்ததும் எழுந்தாள். நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள். "அம்மா, நீ எப்ப வந்த?" என்றாள்.

லோயிஸ்